உலகம்மையின் வயிற்றுச் சூட்டில் வெந்த கஞ்சி

மேலக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியின் பின்வாசலில், விடிந்தும் விடியாத வேளையில் தூக்குவாளியோடு கஞ்சிக்கு நிற்கிறவர்களைக் கேட்டால், கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன அந்தச் செவ்வாய்க்கிழமைதான் உலகம்மையின் வயிறு முதன்முதலாகப் பற்றியது என்று அடித்துச் சொல்வார்கள், அவள் அண்டாவைக் கட்டிப்பிடித்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள், ஆகவே மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் அது பற்றியது அதற்கு முந்தைய வாரமே, ஊருக்கு வெளியே கல்லூரியில், ஏசி ஓடாத எடிட்டிங் அறையில், பட்டப்பகலில், ஜெபசீலி என்கிற பெண் "சும்மாதான் எடுத்தேன்" என்று சொன்ன அந்த நொடியில்.

உலகம்மைக்கு அப்போது விஸ்காம் என்கிற படமெடுக்கும் படிப்பில் மூன்றாம் ஆண்டு. ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்கும் பீடி சுற்றும் அம்மாவுக்கும் ஒரே பிள்ளை. ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அதை முடித்து, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அந்த வருடம் தங்கமாரி மேடம் வகுப்பைக் குழு குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு தொண்டு நிறுவனத்தைப் பிடித்து அவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். "அவங்கதான் ஒங்க க்ளையண்ட். அவங்களுக்கு என்ன வேணுமோ அத எடுங்க, ஒங்களுக்கு என்ன புடிக்குமோ அத இல்ல" என்று கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொன்னார். உலகம்மையின் குழுவில் ஜெபசீலியும், ஒலிப்பதிவுக்கு அனீஸ் என்கிற பையனும் இருந்தார்கள்.

அவர்களுக்கு வாய்த்தது ஆவுடையப்பன் அண்ணாச்சியின் பசியாறல் அறக்கட்டளை. அண்ணாச்சி முன்பு பாத்திரக்கடை வைத்திருந்தவர். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் ஒரு டம்ளர் வெந்நீருக்காகத் தெருத்தெருவாக அலைந்தவர். அந்த அம்மா போன பிறகு கடையைக் கைமாற்றிவிட்டு, பெரிய அண்டா ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நோயாளிக்குத் துணை வந்தவர்களுக்கெல்லாம் காலையில் கஞ்சியும் வெந்நீரும் ஊற்றிக்கொண்டிருந்தார். சமையலுக்கு ரோசம்மா அக்கா. வெளியூரில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் பார்த்தால் கை கொடுப்பார்கள், அதற்கு ஒரு வீடியோ வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஆசை.

எல்லாவற்றையும் உலகம்மைதான் செய்தாள். ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கியது, எதை எங்கே எப்போது எடுப்பது என்று படம் வரைந்து வைத்தது, அண்ணாச்சிக்குப் பேச வராதபோது பக்கத்தில் உட்கார்ந்து பேச வைத்தது எல்லாம் அவள். சீலி பஸ்ஸைத் தவறவிட்டு, ஈரத் தலையோடு, கேமரா வாரின் பிய்ந்த கொக்கியில் ரப்பர் பேண்டு சுற்றிக்கொண்டு தாமதமாக வந்து நிற்பாள். மற்ற இரண்டு பேருக்கும் கை நடுங்கும் என்பதால் மட்டுமே கேமரா அவளிடம் இருந்தது.

எடிட்டிங் அறையில், அதுவரை எடுத்ததை வெட்டி ஒட்டி முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோது, அண்ணாச்சியும் மேடமும் உலகம்மை திட்டமிட்ட காட்சிகளையெல்லாம் நல்ல பிள்ளையின் விடைத்தாளைப் பார்ப்பதுபோல் தலையாட்டிப் பார்த்தார்கள். பிறகு திட்டத்தில் இல்லாத ஒன்று வந்தது. ஒரு கிழவர், ஆஸ்பத்திரிச் சுவரோரம் குந்தியிருந்து, தூக்குவாளி மூடியில் கஞ்சியை ஊற்றி ஊதுகிறார், ஊதிவிட்டு உதட்டில் வைத்துப் பார்க்கிறார், இன்னும் சூடு, மறுபடி ஊதுகிறார், வார்டில் கிடக்கும் மனைவிக்காக, அவ்வளவுதான். அண்ணாச்சி துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். மேடம் கண்ணாடியைக் கழற்றி, "இத யாரு எடுத்தது?" என்றார்.

"நான்தான் மேடம். சும்மாதான் எடுத்தேன்" என்றாள் சீலி.

உலகம்மைக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு அவள் சீலியின் பக்கத்திலேயே நின்றாள், அதே கிழவரைத்தான் அவளும் பார்த்தாள், பார்த்துவிட்டு, "ஏட்டி, அதெல்லாம் நம்ம திட்டத்துல இல்ல, இந்தப் பக்கம் வா" என்று சொன்னாள். எழுதியது அவள், அலைந்தது அவள், கெஞ்சியது அவள். சும்மா நின்றவளுக்குச் சும்மா வந்து விழுந்தது. தொப்புளுக்கு மேலே ஏதோ ஒன்று தீக்குச்சி உரசினாற்போல் சுருக்கென்றது, பிறகு விரிந்தது, பிறகு நின்று எரிந்தது. அனீஸ் மூக்கை உறிஞ்சி, "என்னமோ கருகுது" என்று வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். கருகியது உலகம்மையின் துப்பட்டா.

வீட்டில் அம்மா முதலில் அதை அல்சர் என்று நினைத்து மோர் கொடுத்தாள். பிறகு மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு, கொஞ்ச நேரம் யோசித்து, ஆறிப்போன காப்பி டம்ளரைக் கொண்டுவந்து, "செத்த இத சுட வச்சுக் குடு, அப்பா வந்துருவாரு" என்றாள். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. நைலான் துணி ஒட்டிக்கொள்ளும், இனிமேல் பருத்திதான் போட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

உலகம்மை அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக் கேமராவை வாங்கிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதே சுவர், அதே வெயில், அதே கிழவர். அவரை ஊதச் சொன்னாள், அவரும் பாவம், ஊதினார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல் ஒரு மனிதர் கஞ்சியை ஊதிக்கொண்டிருந்தார். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். சீலி எடுத்ததில் இருந்தது எது, தன்னுடையதில் இல்லாதது எது என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை, காட்ட முடிந்திருந்தால் அதைக் கற்றுக்கொண்டிருப்பாள், கற்றுக்கொள்ள முடியாத ஒன்று இன்னொருத்தியிடம் சும்மா கிடக்கிறதே என்பதுதான் அவளை எரித்தது.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டகையில் படப்பிடிப்பு வைத்திருந்தார்கள். அரிசி வேகும் முன்பே சிலிண்டர் தீர்ந்தது. மாற்றுச் சிலிண்டர் மத்தியானம்தான் வரும் என்றார்கள். வெளியே வரிசை தெருமுனை வரை நின்றது, கைக்குழந்தைக்கு வெந்நீர் கேட்டு ஒரு பெண் பாட்டிலை நீட்டியபடியே இருந்தாள், ரோசம்மா அக்கா சிலிண்டரை உருட்டி உருட்டி வைதுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து சீலி கேமராவோடு பஸ்ஸை விட்டு இறங்க, சொட்டிக்கொண்டிருந்த தூறலில் அவள் நனையாமல் அண்ணாச்சியே குடை பிடித்துக்கொண்டு, "பாத்து வா தாயி, ஒன் கண்ணு எங்களுக்கு வேணும்" என்று கூட வந்தார். உலகம்மைக்கும் தலை நனைந்திருந்தது. அவளுக்கு யாரும் குடை பிடிக்கவில்லை. எரிச்சல் தாங்காமல், குளிர்ந்த எதையாவது அணைத்துக்கொள்ள வேண்டும் என்று, பக்கத்தில் இருந்த அண்டாவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள், கன்னத்தை அதன் விளிம்பில் வைத்துக் கண்ணை மூடினாள். சற்றைக்கெல்லாம் அண்டா முனகியது. அடியிலிருந்து ஒரு குமிழ் வந்தது, பிறகு பல குமிழ்கள் வந்தன. பிறகு கஞ்சி பொங்கி மேலே எழுந்தது. ரோசம்மா அக்கா மோட்டுவளையைப் பார்த்தாள், உலகம்மையைப் பார்த்தாள், கரண்டியை எடுத்துக் கிண்டத் தொடங்கினாள். "அப்படியே புடிச்சுக்கோ, விட்டுராத" என்றாள்.

இப்படித்தான் அது வழக்கமாயிற்று. அண்ணாச்சி சிலிண்டர் பதிவை நிறுத்தினார். தீயணைப்பு அலுவலர் ஒருவர் வந்து, விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வாயுவுக்கும் விதி இருக்கிறது, வயிற்றுக்கு இல்லை என்று சொல்லி, ஒரு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டுப் போனார். அம்மன் கோயில்காரர்கள் அது அம்மன் இறங்கிய சூடு என்றார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் அது ஆவியின் அக்கினி என்றார்கள், அனீஸின் அம்மா ஓதிய தண்ணீர் கொடுத்தனுப்பினாள், கஞ்சி முன்னைவிட ருசி என்பதில் மூன்று தரப்பாரும் ஒத்துப்போனார்கள். பிரசவ வார்டுக்காரர்கள் ஈரத் துணிகளைக் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் கொடி கட்டி உலர்த்தினார்கள். எதிர்த்த டீக்கடைக்காரர் மட்டும் கொஞ்ச நாள் முறைத்தார், பிறகு அவரும் பால் சட்டியைக் கொண்டுவந்து, "ஓரமா ஒரு எடம் குடு தாயி" என்றார்.

அந்தச் சூடு எதைத் தின்று எரிகிறது என்பதைக் கண்டுபிடித்தது ரோசம்மா அக்காதான். சீலி வராத நாட்களில் நுரைகூடக் கட்டாது. ஒருநாள் வரிசையில் நின்ற ஒருத்தி ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசும்போது, "அந்த சீலிப் பிள்ள எடுத்த படத்த பேப்பர்ல போட்டுருக்காவளாம்லா" என்று சொல்ல, அண்டா பொங்கி வழிந்து அடுப்புத் திட்டெல்லாம் கஞ்சியாயிற்று. அக்கா அதைப் போய் அண்ணாச்சியிடம் சொன்னாள். அண்ணாச்சி எழுந்து வாசலுக்கு வந்தார். வெளியே வரிசையைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அதன் பிறகு விடிகாலையில் கஞ்சிக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சுள்ளி பொறுக்கி வருவதுபோல் ஆளுக்கொரு செய்தி கொண்டுவந்தார்கள். "ஏளா உலகு, சீலிக்கு ஏதோ பரிசு குடுக்காங்களாம்" என்பாள் ஒருத்தி. "ஒங்க பெரியப்பா மகளுக்கு மாப்பிள்ள கனடாவாமே" என்பாள் இன்னொருத்தி. "ஒன் கூடப் படிச்ச பிள்ளைக்கு வேலை கெடச்சிருச்சாம், ஒனக்கு இன்னும் ஒண்ணும் வரலயாம்மா?" என்று கேட்பார் ஒரு பெரியவர், கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அண்டாவைப் பார்ப்பார். யாரும் அதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. சொல்லி முடித்ததும் அவள் மோவாயைத் தொட்டு முத்தினார்கள், திருஷ்டி கழித்து நெட்டி முறித்தார்கள், "மகராசியா இரு" என்றார்கள், கஞ்சியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

உலகம்மைக்கு எல்லாம் தெரியும். தன்னை எரிக்கத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தும் எரிந்தாள். தெரிந்தால் அணைந்துவிடுகிற தீ அல்ல அது. அவர்களைக் கோபித்துக்கொள்ளவும் அவளால் முடியவில்லை, கோபித்துத் திரும்பினால் பாட்டிலை நீட்டிக்கொண்டு யாராவது ஒரு தாய் நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. ஊரில் எல்லாருக்கும் அவள் வேண்டியவளானாள், ஆனால் அவள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைக்க ஊரில் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் சீலி கொட்டகைக்குள் வந்து, தரையில் குந்தி, "ஏட்டி, ஒன்ன எடுக்கணும்" என்றாள்.

"எதுக்கு?"

"படம் நீதான்டி. அண்ணாச்சி பேசுறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒன்னப் பாத்தாத்தான் எல்லாருக்கும் புரியும். மேடமும் சரின்னுட்டாங்க."

"மேடத்துக்கிட்ட கேட்டாச்சு. என்கிட்ட இப்பத்தான் சொல்லுத."

"கோபப்படாத..."

"கோபமா? நான் எழுதணும், நான் அலையணும், இப்ப வெந்து சாகுறதும் நான், அதையும் நீ எடுக்கணும், அதுக்கும் ஒனக்குத்தான் கை தட்டுவாங்க. எடு. நல்லா எடு."

சீலி எடுத்தாள். அன்றைக்கு எழுந்த சூட்டில் அண்டாவின் ஒரு காது உருகித் தொங்கியது, கஞ்சி அடிபிடித்து, கருகி, கொட்டகை முழுக்கப் புகைந்தது. வரிசை வெறும் வயிற்றோடு கலைந்தது. கிழவர் மட்டும் போகவில்லை; தூக்குவாளியை நீட்டி, "கருகுனத ரெண்டு அகப்பை போடு தாயி, அவ சாப்பிடப் போறதில்ல, வாசம் புடிச்சாப் போதும்" என்றார். உலகம்மை அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று அழுதாள். கண்ணீர் கன்னத்தில் இறங்குவதற்குள் உலர்ந்தது.

படம் முடிந்து, ஒரு சாயங்காலம், ஆஸ்பத்திரி வளாகத்திலேயே திரை கட்டிப் போட்டுக் காட்டினார்கள். வார்டில் நடக்க முடிந்தவர்கள், துணைக்கு வந்தவர்கள், நர்சுகள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், மேடம், எல்லாரும் வந்திருந்தார்கள். உலகம்மை கடைசியில், தனியாக, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள், பெஞ்சு என்றால் கருகும். படத்தில் அண்ணாச்சி பேசினார், வரிசை வந்தது, கிழவர் ஊதினார். பிறகு ஒரு பெண் வந்தாள்.

அந்தப் பெண் தன்னைவிடப் பெரிய அண்டா ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் கரி. நெற்றி மயிர் சுருண்டு பொசுங்கியிருந்தது. கண்ணை மூடியிருந்தாள், மூடிய இமைக்குள்ளே விழி அசைவது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மங்கலாகப் பாத்திரங்கள் நீண்டன, பாத்திரங்களைப் பிடித்த கைகள் நீண்டன, ஆவி எழுந்து அவளை மறைத்தது, விலகியபோது அவள் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தாள். அவ்வளவு கோபத்தோடும் அவ்வளவு களைப்போடும் ஒருத்தி பார்ப்பதை உலகம்மை அதுவரை கண்டதில்லை. 'யாரு பெத்த பிள்ளையோ' என்று நினைத்தாள். 'இப்பிடி எரியுதே, யாராச்சும் போய் அந்தக் கைய எடுத்து விடக் கூடாதா' என்று நினைத்தாள். அது தான்தான் என்பது மெதுவாக, வெகு மெதுவாகத்தான் அவளுக்கு உறைத்தது. இதை யார் எடுத்தது என்கிற கேள்வி அவளுக்கு எழவே இல்லை. அவள் வயிற்றில் ஏதோ ஒன்று அடங்கி, உட்கார்ந்து, காற்றுப்போல் போயிற்று.

விளக்குப் போட்டதும் கூட்டம் முழுவதும் உலகம்மையைச் சூழ்ந்தது. கையைப் பிடித்தார்கள், தலையைத் தடவினார்கள், எங்கள் குலதெய்வம் என்றார்கள், மேடமே வந்து கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் அண்டாவைக் கட்டிக்கொண்டு நின்றாள், அண்டா சில்லென்று இருந்தது.

"சீலிக்கு மெட்ராஸ்ல பெரிய கம்பெனியிலருந்து கூப்புட்டுருக்காவளாம்" என்று தொடங்கினாள் ரோசம்மா அக்கா.

"நல்லா இருக்கட்டும்க்கா" என்றாள் உலகம்மை.

வரிசையில் தலைகள் திரும்பின. அவள் அதை மனசாரச் சொன்னாள் என்பது எல்லாருக்கும் கேட்டது.

"கார் குடுப்பாங்களாம்" என்றார் டீக்கடைக்காரர்.

"குடுக்கட்டும்ணே. பஸ்ஸுல வந்து வந்து கஷ்டப்பட்டவ."

"ஒங்க பெரியப்பா மகளுக்கு நூறு பவுனு போடுதாவளாம்!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

"நல்லா இருக்கட்டும்."

அந்த வார்த்தையைப்போல் பயங்கரமான ஒன்றை அந்தக் கொட்டகை கேட்டதில்லை. "அப்ப எங்க கதி?" என்று ஒருவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார். அப்போதுதான் ரப்பர் தீய்கிற வாடை வந்தது.

வாசலில் சீலி நின்றாள். கேமராவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், அதன் வாரில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டு உருகிச் சொட்டியது. ஒருவர் பார்த்தார், பிறகு எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் முகத்தில் விடிந்தது. ரோசம்மா அக்கா கரண்டியை எடுத்துக்கொண்டு, தேன் ஒழுக, "சீலி, நேத்துப் படத்துல நம்ம உலகம்மையப் பாத்து ஊரே..." என்று எடுத்தாள்.

"ரோசக்கா! வாய மூடுங்க."

உலகம்மை அண்டாவை விட்டு வந்து சீலிக்கு முன்னால் நின்றாள். "யாரும் இவகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. இன்னொருத்தி வயித்துல அடுப்புப் பத்த வைக்கிற வேலை இனி இங்க கெடையாது."

"பிள்ளைக்குப் பால் காய்ச்சணுமே தாயி" என்றாள் வரிசையில் ஒருத்தி. அவள் பொய் சொல்லவில்லை, பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"காய்ச்சுவோம். ஊருல வெறகா இல்ல?" உலகம்மை தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். "யப்பா, மரக்கடையில கழிவுக் கட்டை கெடக்கும்லா, ஆட்டோவுல அள்ளிப் போட்டுட்டு வாங்க. இப்பவே." பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, "சிலிண்டருக்குச் சொல்லுங்க" என்றாள். அவர் போனை எடுத்தார், அவர் காது மடல் சிவந்திருந்தது.

சீலியின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே ஆம்புலன்ஸ் நிற்கிற நிழலுக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். கை சுட்டது. விடவில்லை.

"எப்பருந்து?"

"நேத்து. எல்லாரும் ஒன்னச் சுத்தி நின்னாங்க. நான் அந்தப் பக்கம் ஸ்க்ரீனச் சுருட்டிக்கிட்டிருந்தேன். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு வந்து இத யாரு எடுத்ததுன்னு கேக்கல." சீலியின் வாய் கோணியது. "நான்தான எடுத்தேன்? நீயும் கேக்கலயேட்டி."

உலகம்மைக்கு முதலில் வந்தது ஒரு சின்ன சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, வெயிலில் வந்தவளுக்கு மோர் கிடைத்ததுபோல் அது இறங்கியது. அப்புறம் சீலியின் சட்டை மார்புக்குக் கீழே பழுப்பேறத் தொடங்குவதைப் பார்த்தாள், அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"இது என்ன துணி? நைலானா? முதல்ல இத மாத்து, ஒட்டிக்கிரும். பருத்தி போடு. நெறையத் தண்ணி குடி. குப்புறப் படுக்காத, பாய் கருகிரும். மோர் கேக்காது, எங்கம்மா குடுத்துப் பாத்தாச்சு."

"எப்ப நிக்கும்?"

"தெரியல" என்றாள் உலகம்மை. "நான் கூட இருக்கேன்."

கட்டை வந்தது, அடுப்பு மூட்டினார்கள், புகையில் எல்லாரும் இருமினார்கள், கஞ்சி வெயிலேறித்தான் வெந்தது. குடித்தவர்கள் பழைய ருசி இல்லை என்று குறை சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். சீலியின் சூடு ஒரே நாளில் போகவில்லை, அது ஏறியும் இறங்கியும் கிடந்தது, யாரும் அதில் பால் சட்டி வைக்கவில்லை.

மாதக் கடைசியில் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து, தங்கமாரி மேடம் ஒவ்வொருவராகக் கேட்டார். அனீஸ் காற்றுச் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று கற்றுக்கொண்டதாகச் சொன்னான். சீலி, திட்டம் போட்டு எடுப்பது எவ்வளவு முக்கியம் என்று இப்போதுதான் தெரிகிறது என்றாள், சொல்லும்போது உலகம்மையைப் பார்க்கவில்லை.

"நீ சொல்லு உலகம்மை. குழுவா வேலை பாத்ததுல எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?"

உலகம்மை யோசித்தாள்.

"பக்கத்துல நிக்கிறது, மேடம்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார், மதிப்பெண் போடக் குனிந்தார். மின்விசிறி சுற்றியது. அவர்கள் நின்ற இடம் குறுகல். உலகம்மையின் முழங்கை சீலியின் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது, இருவரில் யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு சூடு அந்த இடத்தில் இருந்தது, இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.